புளி கேக்கும் என் சீரக மிட்டாயும்

போன வாரம் மகள் மஃபின் செய்து, மேலே கிரீம் வைத்துக் கலர் மணிகளைத் தூவிக்கொண்டிருந்தாள். நானும் கை வைக்கப் போனேன். "உனக்கு இதெல்லாம் தெரியாதும்மா" என்றாள். எனக்கா தெரியாது? செஞ்சியில் முதன்முதலாகக் கேக்குக்கு அலங்காரம் செய்தவளே நானாகத்தான் இருக்கவேண்டும். அப்போது எனக்கு எட்டு வயது.

எங்கள் வீட்டில் அக்காவுக்கு வளைகாப்பு. புதுச்சேரியிலிருந்து சித்தி முதல் நாளே வந்துவிட்டாள். அவளுக்குப் பிள்ளைகள் கிடையாது. அதனால் வந்தால் முழுக்க எனக்கே என்று எனக்கு ஒரே பெருமை. அங்கே யாரிடமோ கேக் செய்யக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். வளைகாப்புக்குக் கலவை சாதம் கிண்டுவோமே, அந்த ருசியையெல்லாம் கேக்கில் கொண்டுவந்தாள்: எலுமிச்சை, தேங்காய், தயிர், வெல்லம், புளி. நல்ல காரியமென்று முட்டை போடவில்லை. சின்னக் கிண்ணங்களில் மாவை ஊற்றி, அண்டாவில் மணலைச் சூடாக்கி, அதன்மேல் வைத்து மூடினாள். வெந்ததும் தேங்காய்க் கேக்குக்கு வறுத்த துருவல், தயிருக்கு மாதுளை முத்து, புளிக்கு எங்கள் நிலத்து வேர்க்கடலை. "பொண்ணுக்குப் பூ வெக்கிற மாதிரி வெய்யிடி, அழுத்தாத" என்றாள். அப்படித்தான் வைத்தேன்.

மறுநாள் கூடத்தில் அக்கா மணையில் உட்கார்ந்தாள். நைனாவின் அக்கா, என் பெரிய அத்தை, ஒவ்வொரு பெண்ணாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். சித்தி மட்டும் சமையல்கட்டில் கழுவிய தாம்பாளத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சித்திய ஏன் கூப்புடல, அத்த?"

"அதெல்லாம் உனுக்கு இன்னாத்துக்கு? போயி கேக்கக் குடு, போ."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அத்தையே இரண்டு கேக் சாப்பிட்டிருந்தாள். பிறகு தட்டைப் பார்த்தேன். எல்லாம் தீர்ந்து, புளி கேக் மட்டும் அப்படியே கிடந்தது. சரிதான், கணக்குத் தப்பானால் வாத்தியார் என்னை வெளியே நிறுத்துகிற மாதிரி, கேக் தப்பானதால் சித்தியை நிறுத்திவிட்டார்கள்!

வேர்க்கடலையை எடுத்துத் தின்றேன். வெல்லப்பாகைத் தடவி, பாவாடையில் முடிந்திருந்த சீரக மிட்டாயை மேலே ஒட்டினேன். சிவப்பும் பச்சையுமாக ஜொலித்தது. தட்டோடு கூடத்துக்கு நடுவில் போய் நின்றேன்.

"எல்லாரும் இதத் துன்னுங்க. நல்லா இருக்குதுன்னு சொன்னாத்தான் சித்திய உள்ள வுடுவாங்க!"

அம்மா தரையைப் பார்த்தாள். அத்தை என் தோளைப் பிடித்துக் கிள்ளினாள். "வாயப் பாரு, கழுதைக்கு!"

அக்கா கையை நீட்டி ஒன்றை எடுத்துப் பாதி கடித்தாள். மடியெல்லாம் மிட்டாய் உதிர்ந்தது.

"எனக்கு இந்தப் புளிப்புதான் வேணும். செஞ்ச கையாலதான் ஊட்டணும். சித்திய வரச் சொல்லு."

"இன்னாடி அடம், நல்ல நாளும் அதுவுமா?"

"மாசமா இருக்கிறவ ஆசப்பட்டதக் குடுக்கலன்னா புள்ளைக்கு ஆவாதுன்னு நீதான சொன்ன, அத்த?"

அத்தை மணைப் பக்கத்திலிருந்து நகர்ந்து வழி விட்டாள்.

சித்தி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து ஊட்டினாள். அக்கா விடவில்லை, மணிக்கட்டையும் நீட்டினாள். ஒரு பச்சை வளையலை ஏற்றச் சித்திக்கு அவ்வளவு நேரம் ஆனது. இவ்வளவு கேக் செய்கிறவளுக்கு ஒரு வளையல் போடத் தெரியவில்லையே என்று நினைத்தேன். தான் கடித்த மீதிக் கேக்கை அக்கா அவள் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

என் சீரக மிட்டாயால்தான் புளி கேக் தேறியது என்று பள்ளிக்கூடம் பூராவும் சொல்லித் திரிந்தேன். ஒன்று மட்டும்தான் குழப்பமாக இருந்தது. அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில், மிட்டாய் உதிராத முழுக் கேக்காகப் பார்த்து ஒன்றைச் சித்தியிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. முந்தானை முடிச்சை இறுகப் பிடித்துக்கொண்டு, "எனக்கு இது போதும்டி" என்றாள்.

அதற்குள் இருந்தது அக்காவின் எச்சில் கேக்.