படகுத்துறையில் நான் சொன்ன பொய்யும் ஆறு மணி வயர்லெஸ்ஸும்

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்குக் கல்லூரி பியூன் ராமையா எங்கள் வீட்டு முன்னால் சைக்கிளை நிறுத்தினார். தவக்காலத்து வெள்ளி. ஐந்தரைக்குக் கோவிலில் சிலுவைப்பாதை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து முகம் கழுவிவிட்டு, கட்டிக்கொண்டு போக வெள்ளைச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

"டீச்சரம்மா, பதறாதீங்க" என்றார். அப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவரைப் பார்த்தால் யாருக்குத்தான் பதறாது?

அவர் கொடுத்த தாளில், வடக்குத் தீவில் என் மகள் ஆடப்போயிருந்த திக்லிபூரிலிருந்து இரண்டு மணிக்கு வயர்லெஸ்ஸில் வந்த செய்தி இருந்தது. பயிற்சியின்போது பிலோமினா வெயிலில் மயங்கி விழுந்துவிட்டாள், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், நினைவு திரும்பவில்லை, வெயில் தாக்கியதற்கு வைத்தியம் நடக்கிறது என்று கல்லூரி அணியோடு போன லீலா மிஸ் அனுப்பியிருந்தார்.

காரணம் வெயில் இல்லை என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

நான் போர்ட் பிளேரில் தமிழ்ப் பிரிவு ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. டெய்ரி ஃபார்ம் பகுதியில் குடியிருக்கிறோம். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். வீட்டுக்காரர் தச்சர். ஜெட்டி என்கிற படகுத்துறை கட்டும் வேலைக்காகக் கார்நிக்கோபார் போய் அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. பிலோ எங்களுடைய ஒரே பெண். கல்லூரியில் இரண்டாம் வருஷம், பெண்கள் வாலிபால் அணியில் ஆறு பேரில் ஒருத்தி. மழை விட்டு நவம்பரில் ஆரம்பித்த சீசன். திக்லிபூர் அணியோடு ஒரே ஒரு ஆட்டம்தான் பாக்கி. சீசனில் எல்லா ஆட்டமும் ஆடியவர்களுக்குத்தான் சர்டிபிகேட் என்று சொல்லியிருந்தார்கள். அது கையில் இருந்தால் மெயின்லாண்டில் விளையாட்டு ஆசிரியைப் பயிற்சிக்கு இடம் கேட்கலாம். என்னைவிடப் பெரிய டீச்சராக அவள் வரவேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த ஆசைதான் என்னை விழத்தாட்டியது.

அதற்கு முந்தின சனிக்கிழமை அவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. மூன்று போர்வை போர்த்தியும் கட்டில் ஆடியது. ஞாயிறு ஒன்றுமில்லை. திங்கள் மறுபடி. செவ்வாய் ஒன்றுமில்லை. புதன் மறுபடி. ஒருநாள் விட்டு ஒருநாள் வருவது எந்தக் காய்ச்சல் என்று இந்தத் தீவுகளில் குடியேறியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. புதன் மாலை வீட்டிலிருந்த மலேரியா மாத்திரையில் நான்கைக் கொடுத்தேன். வியாழன் விடியற்காலை வடக்கே போகிற போட். அப்போதும் கழுத்து சுட்டது. இன்னும் இரண்டு மாத்திரை கொடுத்தேன்.

"யம்மா, மிஸ்கிட்ட சொல்லிராத. சொன்னா என் எடத்துல ஷெஃபாலிய எறக்கிருவாங்க" என்றாள்.

"நான் ஏம்ட்டி சொல்லப்போறேன்? நீ நிமிர்ந்து நட, அது போதும்" என்றேன்.

ஜெட்டியில் லீலா மிஸ் ஒவ்வொரு தாயிடமும் கேட்டார். அவர் மலையாளி. நல்லவர், கண்டிப்பானவர். "பிள்ளைக்கு உடம்பு எப்படி? கண்ணு சிவந்திருக்கே?"

"ஒண்ணுமில்லை மிஸ். ராத்திரி கண்முழிச்சிப் படிச்சா."

இதுதான் நான் சொன்ன பொய். ஒரே ஒரு வரி. சொல்லிவிட்டுப் போட்டுக்குக் கையும் அசைத்தேன்.

இப்போது அங்கே டாக்டர் வெயிலுக்கு வைத்தியம் பார்க்கிறார். அவரைக் குறை சொல்ல வழியில்லை. காலையில் நன்றாக இருந்த பெண் என்றுதானே அவரிடம் சொல்லியிருப்பார்கள்? உண்மை என்னிடம் இருந்தது. நடுவே ஒரு பகலும் ஓர் இரவும் போகிற கடல். அடுத்த போட் அடுத்த வாரம்.

"ராமையா, பிரின்சிபாலைப் பார்க்கணுமே" என்றேன்.

"சாகிப் மெயின்லாண்ட் போயிருக்காரும்மா. செய்தி அனுப்பணும்னா வயர்லெஸ் ஸ்டேஷன்தான். ஆறு மணிக்குத் திக்லிபூரைப் பிடிப்பாங்க. விட்டா நாளைக்குக் காலையில ஏழு மணிதான். நாலு மணியிலருந்து அங்க மண்டல் பாபு டூட்டி."

ஷெஃபாலி என்று என் மகள் சொன்னாளே, அவளுடைய அப்பாதான் இந்த மண்டல் பாபு. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். லம்பா லைன் பகுதியில் வீடு. ஆறாவது இடத்துக்கு அந்தப் பெண்ணுக்கும் பிலோவுக்கும்தான் போட்டி. பிலோவை எடுத்து ஷெஃபாலியைப் பெஞ்சில் உட்காரவைத்த அன்று, மைதானத்திலேயே எல்லார் முன்னாலும், நாங்கள் சிபாரிசில் இடம் வாங்கியதுபோல அவர் இந்தியில் குத்திச் சொன்னார்: "டீச்சர்ஜி பொண்ணு வலைக்குக் கீழே நல்லா ஆடுது!" நானும் விடவில்லை. "உங்க பொண்ணு அடிச்ச பந்தைத் தேடிக் கடல்ல ஆள் இறங்கியிருக்காங்க பாபு, முதல்ல அதைப் பாருங்க" என்றேன். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அதன்பின் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

நடந்தேன். எதிரே எங்கள் பங்கு மக்கள் சிலுவைப்பாதைக்குக் கோவிலை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். "என்ன டீச்சர், இந்தப் பக்கம் போறீங்க?" என்று ஒரு அக்கா கேட்டார். நிற்காமல் நடந்தபடியே செபமாலையைக் கையில் எடுத்தேன். உதடு அசைந்ததே தவிர செபம் வரவில்லை. ஏன் என்று பிறகுதான் தெரிந்தது. நான் இரண்டு காரியம் ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளையைக் காப்பாற்று என்று ஒன்று. நான் சொன்ன பொய் அந்த மனிதனுக்குத் தெரியவேண்டாம் என்று இன்னொன்று. கப்பலேறி வந்து மாதாவுக்கு முடி கொடுக்கிறேன், ஒன்பது நாள் ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருக்கிறேன் என்று பேரம் வேறு.

ஐந்து இருபதுக்கு மேட்டிலிருந்த ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தேன். மண்டல் பாபு கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார். இனி அவர் இந்தியில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"வாங்க டீச்சர்ஜி. ரிஜிஸ்டர்ல பார்த்தேன். வெயிலாம். சரியாயிடும்."

நான் வழியிலேயே யோசித்து வைத்திருந்ததைத் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். மலேரியாவுக்கு ரத்தம் பார்க்கவும், அவ்வளவுதான்.

வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "ப்ரைவேட் மெசேஜ் கூடாது. யுத்தம் முடிஞ்சு ரெண்டு மாசம்தான் ஆகுது, கண்டிப்பான ஆர்டர். அப்புறம், டாக்டருக்கு நீங்க டாக்டர் வேலை சொல்லித் தர்றீங்களா? காரணம் இல்லாம இதை அவர் ஏன் கேட்கணும்?"

"உங்க பொண்ணா இருந்தா இப்படிப் பேசுவீங்களா பாபு?"

"என் பொண்ணு வெயில்ல விழமாட்டா டீச்சர்ஜி. அவதான் பெஞ்சுல, நிழல்ல உட்கார்ந்திருக்காளே!"

வெளியே வந்து படியில் நின்றேன். உள்ளே சுவர்க்கடிகாரம் ஐந்து முப்பத்தைந்து காட்டியது. கோவிலில் இந்நேரம் சிலுவைப்பாதையின் முதல் ஸ்தலம் ஆரம்பித்திருப்பார்கள். அப்போதுதான் நான் கேட்கவேண்டியதைக் கேட்டேன். "ஆண்டவரே, என் மானம் எனக்கு வேண்டாம். என் வாயைத் திறந்துவிடும்." இவ்வளவுதான் என் செபம். முடியும் ஒருசந்தியும் அதில் இல்லை.

உள்ளே போய் நின்றபடியே சொன்னேன். சனி, திங்கள், புதன் என்று காய்ச்சல் வந்த நாட்களைச் சொன்னேன். ஆறு மாத்திரை கொடுத்ததைச் சொன்னேன். ஜெட்டியில் லீலா மிஸ் கேட்டபோது பொய் சொன்னதைச் சொன்னேன். "சொல்லியிருந்தா உங்க பொண்ணு ஆடியிருப்பா பாபு. அதுக்காகத்தான் மறைச்சேன்" என்றேன்.

அவர் பேனாவை மேசைமேல் வைத்தார். என்னைப் பார்க்காமல் வயர்லெஸ் பெட்டியின் முள்ளைப் பார்த்தபடி கேட்டார்.

"ஷெஃபாலி அங்கே என்ன வேலை செய்றா தெரியுமா? உங்க பொண்ணோட தண்ணி பாட்டிலையும் துண்டையும் தூக்கிக்கிட்டு நிக்கறா."

"தெரியும்."

"நாலு மாசமா அதுதான் வேலை."

"தெரியும் பாபு."

அவர் பேனாவை எடுத்தார். "மொத்தம் எத்தனை மாத்திரை? ஆறா? முதல் காய்ச்சல் எந்தக் கிழமை? காலையா, மாலையா?" கேட்டுக்கேட்டு ஒவ்வொன்றாக எழுதினார். "ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் அனுப்பற சர்வீஸ் மெசேஜ்னு போடறேன். நாளைக்கு யாராவது கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். நீங்க அந்த ஸ்டூல்ல உட்காருங்க. விழுந்துடப்போறீங்க."

சரியாக ஆறு மணிக்குத் தந்திச் சாவியைத் தட்டத் தொடங்கினார். தட்டுவார், காதில் கேட்பார், மறுபடி தட்டுவார். திக்லிபூர் பேசவில்லை. பேட்டரியை மிச்சம் பிடிக்க அவர்கள் கால் மணி நேரத்துக்குமேல் பெட்டியைத் திறந்து வைக்கமாட்டார்களாம். ஆறு ஐந்து. ஆறு எட்டு. "தூங்கிட்டானா மடையன்" என்று திட்டினார். அடுத்த மூச்சில் "துர்கா, துர்கா" என்று முணுமுணுத்தார். நான் செபமாலையைப் பிடித்திருந்தேன். இப்போது செபம் தடையில்லாமல் வந்தது. ஆறு பன்னிரண்டுக்கு அவர் முதுகு நிமிர்ந்தது. கை வேகமாக ஓடியது. முடித்துவிட்டுக் காதிலிருந்ததைக் கழற்றினார்.

"போயிடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கையோட ஆள் அனுப்பறாங்க. காலையில ஏழு மணிக்கு வாங்க தீதி." அக்கா என்று அவர் என்னைக் கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை.

அந்த இரவைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பில்லை.

காலை ஏழுக்கு நான் போனபோது, டூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் அவர் அங்கேயே இருந்தார். பதிலை அவரே வாங்கி எனக்கு வாசித்துக் காட்டினார். ரத்தத்தில் மலேரியா இருந்தது. செய்தி கிடைத்த உடனே குயினைன் ஊசி போட்டிருந்தார்கள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கண் திறந்து தண்ணீர் கேட்டாளாம். இரவிலேயே தெரிந்ததால் பிழைத்தாள், காலைவரை போயிருந்தால் சொல்லமுடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் தரையில் முழங்கால் போட்டேன். மண்டல் பாபு எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

அன்று மாலை ஆட்டத்தில் பிலோவின் இடத்தில் ஷெஃபாலி இறங்கினாள். மூன்றாவது செட்டில் தோற்றுப்போனோம்.

பங்கு மக்களே, இதை உங்கள் முன் எழுதவேண்டும் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன். லீலா மிஸ்ஸுக்கும் பிரின்சிபாலுக்கும் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன். உடம்பு சரியில்லை என்று சலுகை காட்டிச் சர்டிபிகேட்டுக்குப் பிலோவின் பெயரை அனுப்பவேண்டாம் என்றும் எழுதினேன். இன்னமும் வாசலில் சைக்கிள் நின்றால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். பள்ளியில் காலையில் வரும் பிள்ளைகளின் கழுத்தை நானே தொட்டுப் பார்க்கிறேன். தாய்மார் சொல்வதை அப்படியே நம்புவதில்லை. காரணம் உங்களுக்கே தெரியும்.

நாற்பத்து நான்கு வயதுவரை நான் செபித்ததெல்லாம், எனக்கு வேண்டியதைத் தாரும், மற்றதை மூடி வையும் என்பதாகவே இருந்திருக்கிறது. ஆண்டவர் அன்று என் பிள்ளையைத் தந்தார். ஆனால் அதற்குமுன் என் வாயைத் திறந்தார். எந்த மனிதரிடம் போக வெட்கப்பட்டேனோ, அவர் கையாலேயே உதவி செய்தார். உங்களில் யாருக்காவது இப்படி நெஞ்சில் ஒன்று அடைத்துக்கொண்டிருந்தால், பேரம் பேசாமல் அவரிடம் போங்கள். சொல்லவேண்டியவரிடம் சொல்ல வாயைக் கேளுங்கள். தருவார். எனக்கே தந்தார்.

அடுத்த புதன்கிழமை சாயங்காலம் போட் வந்தது. ஜெட்டியில் மண்டல் பாபுவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். பெண்கள் ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். கடைசியில் பிலோ வந்தாள். பாதியாய் இளைத்திருந்தாள். அவளுடைய ஒரு கை ஷெஃபாலியின் தோளில் இருந்தது. இருவர் பையையும் ஷெஃபாலிதான் சுமந்திருந்தாள். மகளைக் கட்டிக்கொண்டு அழுது முடித்தபின் ஷெஃபாலியிடம் திரும்பினேன். வீட்டில் நான்கு நாள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த இந்தியில், "உனக்கு நான் செய்த தப்புக்கு ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன் மகளே. இப்போது உன்னிடம் கேட்கிறேன்" என்றேன்.

அந்தப் பெண் பைகளைக் கீழே வைத்தாள். அவள் கண்ணும் நிறைந்துவிட்டது.

"போறப்ப போட்ல நாங்க ரெண்டு பேரும் ஒரே போர்வையிலதான் படுத்திருந்தோம் ஆன்ட்டி. அவ உடம்பு கொதிச்சது எனக்குத் தெரியும். சொல்லாதேன்னு கெஞ்சினா, நான் சொல்லலை. டாக்டர் கேட்டப்பவும் பயத்துல வாயே திறக்கலை. அப்பாவோட மெசேஜ் வந்த பிறகுதான் சொன்னேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நீங்க ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேட்டப்போ, எனக்கும் சேர்த்துக் கேட்டீங்களா?"