வெள்ளிவிழா மலரும் சமையற்கட்டுக் கிணறும்

பள்ளிகளின் வெள்ளிவிழா மலர்களில் நிறுவனர் இருப்பார், தாளாளர் இருப்பார், கொடிக்கம்பம்கூட இருக்கும்; சோறு பொங்கியவர் இருக்கமாட்டார். எங்கள் மலரில் விடுபட்டவர் பெயர் சண்முகத்தாய். வன்னியம்பட்டியிலிருந்து வந்து, ஆண்கள் உறைவிடப் பள்ளியொன்றில் பதினெட்டு ஆண்டுகள் சமைத்தவர். எண்பதுகளில் நான் அங்கே வரலாற்று ஆசிரியை. வரலாறு நடத்துகிற குற்றத்துக்காகப் பள்ளியின் வரலாற்றையும் எழுதிக்கொடுக்கப் பணிக்கப்பட்ட சக ஆசிரியர்களே, என் எரிச்சல் உங்களுக்குப் புரியும்.

சாலைக்குத் தெரிய வேண்டிய வசதி

பன்னிரண்டு கழிப்பறைகள் கட்டத் தீர்மானமாயிற்று. மைதானத்தின் கோடியில் கட்டியிருக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் பேருந்தில் போகிறவர்கள் கண்ணில் படவேண்டுமென்று தாளாளர் சாலையோரமாகக் கட்டவைத்தார். கழிவுக்குழிக்கு மிஞ்சிய இடம், சமையற்கட்டுக் கிணற்றிலிருந்து பத்தடி. அதைச் சொன்னேன், தாளாளர் காதில் விழவில்லை. பன்னிரண்டில் ஒன்றாவது பெண்களுக்கு வேண்டாமா என்றேன், அது விழுந்தது.

"பையங்க ஸ்கூல்ல பொம்பளைக்கு எதுக்கும்மா தனியா? நாலு மணியானா வீட்டுக்குப் போயிருதீகள்ல?"

ஒரு செம்புத் தண்ணீர்

ஐப்பசி மழையில் குழி நிறைந்தது. ஒரு காலை சண்முகத்தாய் வகுப்பு வாசலுக்கே வந்து என் மூக்கருகே செம்பை நீட்டினார். "மோந்து பாருங்க டீச்சர்." பார்த்தேன். விடுதி வார்டனோ, மழைத் தண்ணீரென்றால் வாடை இருக்கத்தான் செய்யும் என்றார்.

அன்று முதல் சண்முகத்தாய் கிணற்றில் வாளி விடவில்லை. பக்கத்துத் தோப்பு பம்புசெட்டிலிருந்து, இருநூறு பையன்களுக்கு, குடங்குடமாகச் சுமந்தார். உலை தாமதமானது. வேலையை விட்டு நிறுத்திவிடுவதாக வார்டன் மிரட்டினார். வீம்புக்கு அதே கிணற்றில் குடித்தவர் அவர் ஒருவரே. மஞ்சள் காமாலையில் படுத்தவரும் அவர் ஒருவரே. மிரட்டிய அன்று சண்முகத்தாய் கரண்டியை அவர் முன்னால் வைத்துச் சொன்னது:

"நிப்பாட்டுங்க சார். அம்புட்டுப் பிள்ளைகளுக்கும் நீங்களே பொங்குங்க. மொதக் கவளத்தையும் நீங்களே தின்னுங்க."

வெட்டுப்பட்ட பத்தி

இவ்வளவையும் மலருக்கு ஒரு பத்தியாக எழுதினேன். அச்சகத்திலிருந்து வந்த தாளில் அது இல்லை. அந்த இடத்தில் 'வற்றாத கிணறு, நவீன கழிப்பறைகள், நிர்வாகத்தின் தொலைநோக்கு' என்றிருந்தது. தலைமையாசிரியரிடம் போனேன். "சமையக்காரி பேரையெல்லாமா வரலாறும்பாக?" என்றார். அப்படியானால் என் பெயரும் வேண்டாமென்று, அவர் மேசையிலேயே அந்தத் தாளில் அதைப் பேனாவால் அடித்துக்கொடுத்தேன்.

விழாவன்று பந்தி பரிமாறிவிட்டு வந்த சண்முகத்தாய், ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மலரைப் புரட்டினார். 'தூய குடிநீர்' என்ற தலைப்பின்கீழ் வரிசையாகக் குடங்கள். பக்கத்தில் நின்றவரை வெட்டிவிட்டிருந்தார்கள். ஒரு முழங்கை மட்டும் தப்பியிருந்தது.

"இது எங் குடந்தான டீச்சர்? நானும்லா நின்னேன், என்னைய எங்க?"

மறு கோடையில் வயதாகிவிட்டதென்று சண்முகத்தாயை நிறுத்தினார்கள். அவர் இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலைச் சாப்பாட்டுக்கூடத்தில் ஒன்பது ஆண்டுகள் சமைத்து, தொண்ணூறுகளின் கடைசியில் இறந்தார். பிறகு மூடப்பட்ட அந்தக் கிணறு மட்டும் மலரில் இன்னும் வற்றாமலிருக்கிறது.