லண்டனுக்குக் கொண்டுபோன கார்ட்டன்கள்

பிராங்பேர்ட்டிலிருந்து லண்டனுக்கு வெறுங்கையோடு போன தமிழன் எவனையும் நான் கண்டதில்லை. பிள்ளைகளுக்குச் சொக்லேட், வீட்டு ஆண்களுக்குப் பத்துப் பெட்டி அடங்கிய சிகரெட் கார்ட்டன். என் அண்ணனுக்கு அப்படி எத்தனையோ வருடம் சுமந்திருக்கிறேன்.

ஆரம்பத்தில் இரண்டு நாடும் ஒன்றுதான். இங்கே பிராங்பேர்ட்டில் ரயில் பெட்டிக்குள்ளேயே ஊதினோம். அங்கே அண்ணன் உணவகச் சமையலறையில் வாயில் சிகரெட்டோடு கோப்பை கழுவினார். பிறகு லண்டன் பக்கம் மாறிவிட்டார்கள். கடைகளில் சிகரெட்டைக் கதவு போட்டு மறைத்தார்கள், எல்லாப் பெட்டியையும் ஒரே சேற்று நிறமாக்கினார்கள், விலையைக் கேட்டாலே தலை சுற்றும்படி ஏற்றினார்கள். இங்கே எங்கள் தெருமுனைச் சுவரில், காசு போட்டால் சிகரெட் தரும் மெஷின் இன்றும் தொங்குகிறது. ரயில் நிலையத்தில் மஞ்சள் கோடு போட்டு, அதற்குள் நின்று ஊது என்கிறார்கள். புகைக்குக் கோடு தெரியுமாக்கும்!

நான்கு வருடங்களுக்கு முன் அண்ணன் சிகரெட்டை விட்டார். விட வைத்தது அண்ணி. அவர்கள் தெருவில் இருந்த ஒரே கடை ஒரு யாழ்ப்பாணத்துக்காரருடையது. அண்ணி நேரே அங்கே போய், "இவர் வந்து கேட்டால் சிகரெட் குடுக்காதேங்கோ" என்று சொல்ல, அந்த மனிதரும் வாக்குக் கொடுத்தார். வருகிற வியாபாரத்தை வேண்டாமென்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? ஏழு மாதம் அண்ணன் புகைப் பக்கமே போகவில்லை.

அப்போதுதான் நான் போனேன், இரண்டு கார்ட்டனோடு. அவர் விட்டது எனக்குத் தெரியும். "இந்த முறை சொக்லேட் மட்டும்தான், அண்ணி" என்று வாசலிலேயே சொல்லியும் வைத்தேன். பழக்கதோஷத்தில் கொண்டுபோனேன் என்று எனக்கு நானே சொல்லி வந்ததும் பச்சைப் பொய். ஊத எனக்குத் துணைக்கு ஆள் வேண்டியிருந்தது. வீட்டின் பின்பக்கம் நின்று, "லண்டன்காரர் மனுசிக்குப் பயந்திட்டார் போலை" என்று சீண்டினேன். அண்ணன் சிரித்தார். பிறகு கையை நீட்டினார். அந்த ஏழு மாதத்தையும் கெடுத்தவன் நான்.

நான் திரும்பிய மாதமே அண்ணிக்கு அவர் சட்டையில் மணம் பிடிபட்டது. கடைக்காரர்தான் களவாக விற்கிறார் என்று அண்ணி கடைக்கே போய், சனத்துக்கு முன்னால் அவரைக் கிழித்துவிட்டார். கடைக்காரரின் மனைவியோடு தனக்கு இருந்த சிநேகிதத்தையும் முறித்தார். அண்ணன் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

இப்போது அண்ணனுக்கு நுரையீரல் பழுது. நாலு படி ஏறினால் மூச்சு முட்டுகிறது. போன கோடையில் பிராங்பேர்ட்டில் சொந்தத்தில் ஒரு கல்யாணம், அண்ணி தனியாக வந்தார். அந்தக் கடைக்காரரும் பெண் வீட்டு உறவாம், மனைவியோடு வந்திருந்தார். மண்டப வாசலில் வழக்கம்போல நாங்கள் பத்துப் பேர் கூட்டமாக நின்று ஊதிக்கொண்டிருந்தோம். கடைக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, உங்கடை அண்ணை வெறும் பெட்டியளை என்ரை கடை வாசல் குப்பை வாளியுக்கைதான் போட்டவர். எல்லாத்திலையும் டொச்சிலை, உங்கடை ஜெர்மன் பாசையிலை எழுதியிருந்தது."

"அப்ப ஏன் நீங்கள் அண்ணியிட்டைச் சொல்லேல்லை?"

"சொன்னால் உங்கடை குடும்பத்துக்குள்ளை பிரச்சினை வந்திருக்கும். அதுதான் பேச்சை வாங்கிக்கொண்டு இருந்திட்டன். ஆனால் என்ரை மனுசி உங்கடை அண்ணியை நினைச்சு இண்டைக்கும் அழுறா. நீங்களே ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

"ஓம் அண்ணை, இப்பவே சொல்லுறன்" என்றேன். சத்தியமாகச் சொல்லத்தான் உள்ளே போனேன். அண்ணி பக்கத்துக் கதிரையை எனக்காக இழுத்துப் போட்டார்.

"என்ன தம்பி, அந்த ஆளோடை உங்களுக்குக் கதை? உங்கடை அண்ணையை இந்த நிலைக்குக் கொண்டந்தவன் அவன். இனி அவனோடை சேராதேங்கோ."

"ஓம் அண்ணி" என்றேன்.