பௌபௌவுக்கு ஒரு வாய்

என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. தாம்பரத்தில் எங்கள் வாடகை வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துதான் அவளுக்குச் சோறு ஊட்டுவேன். எதிரே எங்கள் நாய் உட்காரும். பௌபௌவுக்கு ஒரு வாய், பாப்பாவுக்கு ஒரு வாய். அதற்குச் சப்பாத்தித் துண்டு, இவளுக்குப் பருப்புச் சோறு. அது விழுங்கியதைப் பார்த்த பிறகே இவள் வாயைத் திறப்பாள். இப்படி ஊட்டக் கூடாது என்று எங்கோ படித்திருந்தேன். ஆனாலும் தட்டு காலியாகிவிடுமே!

திடீரென்று இரண்டு பேருமே சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். நாய் சப்பாத்தியை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். மகள் உதட்டை இறுக மூடிக்கொள்வாள்.

"கொயந்த சாப்டலன்னு அதுவும் பட்டினி கெடக்குது பாரும்மா. இன்னா பாசம்!" என்று மாடி வீட்டு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாயைத் தடவிக் கொடுத்துவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு குழந்தை டாக்டரிடம் ஓடினேன். பல் முளைக்கிறதா, வயிற்றில் பூச்சியா, நான்தான் எதையாவது தப்பாகக் கொடுத்துவிட்டேனா?

டாக்டர் வாய், வயிறு எல்லாம் பார்த்தார். "ஒண்ணுமே இல்லையேம்மா. வீட்ல எப்படி ஊட்டுவீங்க?"

கூச்சத்தோடு சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"அப்போ முதல்ல யாரு சாப்பிடணும்?"

"நாய், டாக்டர்."

"அப்புறம் ஏம்மா பாப்பாவக் கூட்டிட்டு வந்தீங்க?"

அன்று மாலையே நாயை ஆட்டோவில் ஏற்றிக் குரோம்பேட்டைக்குக் கொண்டுபோனோம். நாய் டாக்டர் அதன் உதட்டைத் தூக்கிக் காட்டினார். மேல் கடைவாய்ப் பல் ஒன்று பிளந்து, நடுவே சிவப்பாகத் தெரிந்தது.

"எலும்பு போடுவீங்களா?"

"நாங்க சைவம் சார்."

"வாசல் கேட்டக் கடிக்குமா?"

என் கணவர் என்னைப் பார்த்தார். பால் வண்டி வரும்போதெல்லாம் அது இரும்புக் கேட்டைக் கவ்வி உலுக்கும். வீரம் என்று கைதட்டிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் வெறும் வயிற்றோடு வரச் சொல்லி, மயக்க மருந்து கொடுத்துப் பல்லை எடுத்தார். கண் விழிக்குமா, எப்போது விழிக்கும் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். "மேடம், உங்களுக்கும் கொஞ்சம் மயக்க மருந்து குடுக்கட்டுமா?" என்றார். அது விழித்து, தள்ளாடி வந்து, என் செருப்பை நக்கியது.

தையல் ஆறும்வரை குழைந்த சோறுதான் கொடுக்க வேண்டும். அடுத்த நாள் தயிர்ச்சோற்றைக் கூழாகப் பிசைந்துகொண்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். நாய் ஒரு முறை நக்கிவிட்டு நிறுத்தியது. பிறகு கிண்ணத்தையே தள்ளிக்கொண்டு போய்ச் சாப்பிட்டது. மகள் எட்டிப் பார்த்து, தன் பருப்புச் சோற்றை ஒதுக்கிவிட்டு, "பௌபௌ மம்மம்" என்று வாயைத் திறந்தாள்.

இன்னொரு கிண்ணத்தில் அவளுக்கும் தயிர்ச்சோறு, தனியாக ஒரு ஸ்பூன். பாதியிலேயே எந்த ஸ்பூன் யாருடையது என்று சந்தேகம் வந்துவிட்டது. இரண்டையும் கழுவிவர உள்ளே போனேன். திரும்பி வந்தபோது இரண்டு கிண்ணமும் காலி. இரண்டு மூக்கிலும் தயிர்.