முந்நூற்று நாற்பது கட்டைகள்

டீ வாய்க்குள் போவதற்கு முன்னால் கம்பி மண்ணுக்குள் போயாக வேண்டும். அரை அங்குலக் கம்பி, ஆள் உயரம். உபைதுல்லா பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு காய்ந்த வாய்க்காலுக்குள் இறங்குகிறார். கம்பியைச் செங்குத்தாக நிறுத்தி, உடம்பின் பாரத்தை முழுவதும் அதன்மேல் சாய்க்கிறார். ஒரு சாண் இறங்கினால் முகத்தில் மாற்றமில்லை. ஒரு முழம் இறங்கினால் 'ம்' என்கிறார். நாலடி தள்ளிப் போய் மறுபடியும் குத்துகிறார். நேற்றுக் குத்திய இடம்தானே என்று யாராவது கேட்டால், "நேத்து மண்ணு நேத்தோட போச்சுங்க" என்பார்.

அவருடைய வேலைக்குப் பெயர் வைப்பது கொஞ்சம் சிரமம். பாலத்தின் தளத்துக்குக் கான்கிரீட் கொட்டினால், அது இறுகும்வரை இரும்பு முட்டுகள் கீழே நின்று தாங்க வேண்டும். அந்த முட்டுகள் களிமண்ணில் புதைந்துவிடாமலிருக்க, கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி மரப்படுக்கை போட வேண்டும். எத்தனை கட்டை, எவ்வளவு தடிமன், என்ன இடைவெளி என்று கணக்குப் போட்டுக் கொடுப்பவர் பாய். பாலம் முடிந்ததும் கட்டைகளைப் பிரித்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். திறப்பு விழாக் கல்லில் யார் யார் பெயரோ இருக்கும். அடியில் கட்டை போட்டவன் பெயரை எந்த ஊரில் பொறித்திருக்கிறார்கள்?

தொண்ணூற்றிரண்டில் ராஜகிரியிலிருந்து சார்ஜாவுக்கு சென்ட்ரிங் உதவியாளாகப் போனவர் அவர். ஒரு மலையாளி இன்ஜினியரிடம் கணக்கைக் கற்றுக்கொண்டு, பதினோரு வருஷம் மேம்பாலங்களுக்கு அடியில் கழித்துவிட்டு, ஃபோர்மேனாகத் திரும்பினார். தொழிலை விளக்கச் சொன்னால் நாலு வரியில் முடித்துவிடுவார். "ஒரு முட்டுல நாலு டன் எறங்குதுன்னு வைங்க. மண்ணு சதுர மீட்டருக்கு எட்டு டன் தாங்கும்னா அரைச் சதுர மீட்டருக்குக் கட்டை போதும். மூணுதான் தாங்கும்னா ஒண்ணேகாலுக்கு மேல வேணும். மெல்லிசுக் கட்டை ஆவாது. நடுவுல அமுங்கும், ஓரம் ரெண்டும் வானத்தைப் பாக்கும்."

இந்தப் பைத்தியம் வீட்டுக்குள்ளும் உண்டு. பீரோவின் நாலு காலுக்கும் அடியில் பலகைத் துண்டு, ஃபிரிட்ஜுக்கு அடியில் பலகை, தண்ணீர்க் குடத்துக்கும் ஒரு பலகை. கல்யாண மண்டபத்தில் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் குதிகாலால் தரையை இரண்டு தடவை அழுத்திப் பார்க்கிறார். அது மொசைக் தரை. சம்பந்தி வீட்டார் முன்னால் மானம் போகிறது என்று மனைவி நஃபீசா முணுமுணுப்பார். ஆனால் வேறு யாராவது சிரித்தால் அவருக்குப் பொறுக்காது. காரணம் தெரிந்தவர் அவர்.

காரணம், காத்தான் என்கிற சென்ட்ரிங் தொழிலாளி.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரத்தநாட்டுக்குத் தெற்கே ஒரு வாய்க்கால் பாலம். தண்ணீரை அடைத்து வைத்திருக்கும் கோடையில்தான் இந்த வேலையெல்லாம் நடக்கும். அந்த வேலை தள்ளித் தள்ளி ஆனிக்கு வந்துவிட்டது. ஆனியில் தண்ணீர் திறப்பார்கள் என்பது இந்தப் பக்கத்துக் கைக்குழந்தைக்கும் தெரியும். பாய்க்குத் தெரியாதா? ஆனால் அதற்கு முந்தைய மூன்று ஆனிகளிலும் வாய்க்காலில் புழுதிதான் பறந்தது. மாட்டை விற்றுவிட்டு ஜனங்கள் திருப்பூருக்கு பஸ் ஏறினார்கள். ஊரோடு ஒத்து வாழ் என்பார்களே, பாயும் ஊரோடு சேர்ந்து நம்பிக்கையை விட்டார். காய்ந்த மண்ணுக்கு ஒன்று, ஈர மண்ணுக்கு ஒன்று என்று எப்போதும் இரண்டு கணக்குப் போடுகிறவர், அந்த முறை காய்ந்த கணக்கை மட்டும் போட்டார். தண்ணி எங்கேருந்து வரப்போவுது என்று கேட்டாராம்.

வந்தது. மதகில் ஜனங்கள் பூவும் நெல்லும் தூவிக் கும்பிட்டார்கள். செத்தையும் மண்ணும் போட்ட கொரம்பு ஒன்று சற்று மேலே தண்ணீரை மறித்து நின்றதால், வேலை நடந்த இடத்தில் மேல்மண் வெடித்தபடியே கிடந்தது. கொரம்புக்கு அடியில் கசிந்த தண்ணீர் அந்த வெடிப்புகளில் இறங்கி, உள்ளே மண்ணைக் களியாக்கிக்கொண்டிருந்தது. யார் கண்ணுக்கும் அது தெரியவில்லை. மூன்றாம் நாள் கான்கிரீட். கொட்டும்போது கீழே நின்று முட்டுகளைத் தட்டிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். பாய் காத்தானை அனுப்பினார். பதினோரு மணிக்கு ஒரு வரிசைக் கட்டை ஒரு சாண் இறங்கி, தளம் சரிந்தது. காத்தானை வெளியே எடுக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

போலீஸ் விபத்து என்று எழுதியது. ஜமாத்தில், அல்லாஹ்வின் நாட்டம் என்று ஆறுதல் சொன்னார்கள். பாயின் மனதில் எதுவும் ஒட்டவில்லை. நஃபீசாவிடம் ஒரே ஒரு தடவை வாய்திறந்தார். "அவன் நாட்டத்தை அவன் பாத்துக்குவான். கணக்கு நான் போட்டது."

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது என்பார்கள். போக வேறு இடம் இருக்கிற பூனையைச் சொல்லியிருக்க வேண்டும். அறுபது வயதில் பாய்க்கு வேறு எந்தத் தொழில் தெரியும்?

இந்தக் கோடையில் காண்ட்ராக்டர் சிங்காரவேலுவிடம் ஒரு பாலம். பாய் ஈரக் கணக்குப் போட்டு, முந்நூற்று நாற்பது கட்டை என்று எழுதிக் கொடுத்தார். சிங்காரவேலுவிடம் இருந்ததோ நூற்றைம்பது. அவர் கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. பாயை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பேசினார். "டேம்ல சேறுதான் பாய் கெடக்கு. தண்ணி எங்கேருந்து வரப்போவுது? நூத்தம்பதுன்னு மாத்திக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

தானே எதிரில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது பாய்க்கு. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். மறுநாள் வெளியூரிலிருந்து ஒரு புது இன்ஜினியர் வந்தார். காரைவிட்டு இறங்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். கையெழுத்துக்கு என்ன பஞ்சம்? பாய் மறுத்ததால் அந்தப் படுக்கையில் ஒரு கட்டைகூடக் கூடவில்லை. கொடுமை அதுதான். அன்றிலிருந்து அவருக்கு அங்கே வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. இருந்தும் காலையில் போய்க் கம்பியைக் குத்துகிறார்.

பத்து நாளில் குடகில் மழை கொட்டி, அணை நிரம்பி, தண்ணீர் திறந்துவிட்டார்கள். தண்ணீர் இங்கே வந்து சேர்வதற்குள் முடித்துவிடலாம் என்று சிங்காரவேலு அவசரப்பட்டார். அதற்குள் முதல் தண்ணீர் வந்துவிட, நேற்று மேலே கொரம்பு போட்டார்கள். கம்பி நேற்றைவிட இன்று ஒரு சாண் கூடுதலாக இறங்குகிறது என்று பாய் போய்ச் சொன்னார். சிங்காரவேலு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆட்கள் வந்தாயிற்று, இனி நிறுத்தினால் அடுத்த வருஷம்தான் என்றார்.

மிக்சர் ஓடத் தொடங்குகிறது. கீழே போய் முட்டுகளைப் பார்த்துக்கொள்ள பஞ்சநதம் என்கிற தொழிலாளியை அனுப்புகிறார்கள். அவன் சுத்தியலோடு தளத்துக்கு அடியில் குனியும்போது பாய் அவன் தோளைப் பிடித்து நிறுத்துகிறார்.

"நீ மேல போப்பா."

இது உங்க வேலை இல்லைங்க பாய் என்று கரையிலிருந்து சிங்காரவேலு சொல்கிறார். பாய் திரும்பவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பஞ்சநதத்தின் கையில் வைத்துவிட்டு, அவனிடமிருந்து சுத்தியலை வாங்கிக்கொள்கிறார். முதல் சட்டிக் கான்கிரீட் மேலே விழுகிறது. பாய் குனிந்து உள்ளே போய், நடு வரிசை முட்டில் காதை வைக்கிறார்.