வாயில் மென்ற மெழுகு

இது நடந்த கதை. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை. நடந்தது என் தங்கையின் கணவருக்கு. பொய் சொல்லும் அளவுக்கு மச்சானுக்குக் கற்பனை போதாது. அந்த இலாகா எங்கள் குடும்பத்தில் என்னோடு சரி.

ஓய்வு பெற்ற பிறகு தையல், நீச்சல், கிதார் என்று தொட்டதையெல்லாம் பாதியில் விட்டவர் மச்சான். வெண்கலச் சிலை வார்க்கும் பயிற்சியில் சேர்ந்தபோது தங்கச்சி சொன்னாள்: "என் தலையத்தானே செய்யப் போறீங்க? மூக்கோட நிறுத்திடாதீங்க." இதையாவது முடித்து அவள் முன்னால் வைத்தே தீருவது என்று அவருக்கு வைராக்கியம்.

முதலில் மெழுகில் உருவம் செய்ய வேண்டும். அதன்மேல் மண் பூசிக் காயவிட்டுச் சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் வெண்கலத்தை ஊற்ற வேண்டும். மச்சான் கைப்பிடி அளவில் ஒரு தலை செய்திருந்தார். மண் பூசும் நாளன்று உதடு மட்டும் பாக்கி. மற்றவர்கள் மெழுகை வெந்நீரில் போட்டு இளக்கினார்கள். மச்சானுக்கு ஏது பொறுமை? மூலையிலிருந்த பழைய மெழுகு வாளியில் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார்.

"சார், வாயில போடாதீங்க!" என்று மாஸ்டர் கத்தினார்.

"சூயிங்கம் மாதிரிதான் மாஸ்டர்."

அப்படி இல்லை.

மெல்லுமுன்பே அது இளகியிருந்தது. வெதுவெதுப்பாக. யாரோ இப்போதுதான் மென்று துப்பியது போல. பல நாள் துலக்காத வாயின் வீச்சம். நாக்கில் ஏதோ நூல்... இழுத்தார். நரைமுடி. வந்துகொண்டே இருந்தது...

துப்பினார். நேரமில்லை. துப்பியதையே உதடாக ஒட்டினார்.

கை கழுவிவிட்டு வந்து பார்த்தார். மூடிய உதட்டில் பல் தடம். உள்ளேயிருந்து கடித்தது போல. தடவிச் சரிசெய்தார். துணியை எடுக்கத் திரும்பினார். மறுபடியும் தடம். இன்னும் ஆழமாக. அவசர அவசரமாக மண்ணைப் பூசி மூடினார்.

சுட்ட அன்று, மற்றவர்களின் மெழுகு தேன்போல வடிந்தது. மச்சானுடையது சளிபோல வந்தது. கொழகொழவென்று... இழை இழையாக...

"வீட்டம்மாவுக்கு ஜலதோஷமா சார்?" என்றார் கூடப் படித்த பேக்கரிக்காரர். யாரும் சிரிக்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

வெண்கலத்தை ஊற்றினார்கள். காற்றுத் துளையில் 'உஸ்ஸ்' என்று வர வேண்டும்.

மடக்... மடக்...

குடிக்கும் சத்தம்.

ஆறியதும் மண்ணை உடைத்தார்கள். அப்படியே தங்கச்சி. வாய் மட்டும் திறந்திருந்தது. உள்ளே அரிசிபோலப் பற்கள். மச்சான் பல்லே செய்யவில்லை.

சுண்டுவிரலை வைத்தார்.

ஈரம்.

துடைத்தார்.

மறுபடியும்... எச்சில்.

ஆனாலும் முடித்த ஒரே வேலை அது. வீட்டுக்குக் கொண்டுபோனார். "முடிச்சிட்டீங்களே!" என்று தங்கச்சி கண்கலங்கினாள். பிறகு, "ஏங்க, இது ஏன் ஒழுகுது?"

அடியில் விரித்த துணி தினமும் நனைந்தது. ஒருநாள் அவள் கிசுகிசுத்தாள்: "அது மெல்லுதுங்க."

மச்சான் தலையைத் தூக்கிக்கொண்டு மாஸ்டரிடம் ஓடினார். மாஸ்டர் மூலையிலிருந்த மெழுகு வாளியைப் பார்த்தார்.

"உங்களுக்கு முன்னாடி ஒரு பெரியவர் கத்துக்க வந்தார். அவரும் மென்னுதான் இளக்குவார். ஒருநாள் தொண்டையில அடைச்சுக்கிச்சு. இங்கயே போயிட்டார். டாக்டர் வந்துதான் உருண்டையை வெளிய எடுத்தார்."

"அந்த உருண்டை?"

"மெழுக நாம வீணாக்கறதில்லையே சார்."

மச்சான் அங்கேயே வாந்தியெடுத்தார். தலையை உருக்கச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

போன வாரம் தங்கச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இவர் தூக்கத்துல மென்னுக்கிட்டே இருக்கார்."

"சிலருக்கு அப்படித்தாம்மா."

"டார்ச் அடிச்சு வாய்க்குள்ள பார்த்தேன்."

"என்ன இருந்துச்சு?"

"இவருக்குக் கடைவாய்ப் பல்லெல்லாம் பிடுங்கி எத்தனையோ வருஷம் ஆச்சு..."

"ஆமா."

"இப்ப இருக்குண்ணே."