ஆட்டுக்குக் கட்டிய கொசுவலை

போன மழைக்காலத்தில் சேரன்மகாதேவி வீட்டில் நாங்கள் வளர்த்த இரண்டு செம்மறியாடுகளில் ஒன்றுக்கு முகம் வீங்கி எச்சில் ஒழுகியது. கால்நடை மருத்துவர் வந்து, நீலநாக்கு நோய் என்றார். ஒரு வைரஸ் ரத்தக்குழாய்களைக் கெடுப்பதால் வரும் வீக்கமாம். சிறு பூச்சி கடித்துப் பரவுமாம்.

"நாக்கு செவப்பாத்தான இருக்கு" என்றார் ஓய்வுபெற்ற தாசில்தாரான என் கணவர்.

"பேருதான் நீலம், அண்ணாச்சி. ரொம்ப முத்தினாத்தான் அந்த நெறம் வரும்."

அன்று சாயங்காலமே என் கணவர் எங்கள் கட்டிலிலிருந்த கொசுவலையை அவிழ்த்து, நோயில்லாத ஆட்டைச் சுற்றிக் கட்டினார்.

"அப்ப நமக்கு?" என்றேன்.

"மனுசனுக்கு அந்தச் சீக்கு வராதுல்லா. பேசாம படு."

ஒரு வாரம் இருவரும் சொறிந்துகொண்டே கிடந்தோம். நான் பாடம் நடத்தும் பள்ளியில் பிள்ளைகள், "அம்மையா டீச்சர்?" என்று கேட்டார்கள்.

மறுபடி வந்த மருத்துவர் வலையைத் தடவிப் பார்த்தார். "இதுல கொசுதான் நுழையாது, அண்ணாச்சி. அந்தப் பூச்சி இன்னும் பொடுசு, லேசா உள்ள போயிரும்."

என் கணவர் என் பக்கம் திரும்பாமலே வலையை அவிழ்த்தார்.

ஆடுகள் இரண்டும் பிழைத்துக்கொண்டன. மூன்று தடவை துவைத்தும் வலையில் ஆட்டு வாடை போகவில்லை. புது வலை வாங்கும்வரை அவர் அதற்குள்ளே படுத்தார், நான் வெளியே படுத்தேன்.